ஏற்காடு ஏறாத லாரி: ஒரு டீசல் பம்ப் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டி டாடா 1613, ஆறு சக்கரம். எஞ்சின் கம்மின்ஸ் சிக்ஸ் பி.டி.; ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உண்டு. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எஞ்சின் பக்கவாட்டில், சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தி அனுப்பும் ஆறு எலமெண்ட் வரிசையாக நிற்கும் பழைய பாணி மெக்கானிக்கல் பம்ப். சேலத்திலிருந்து சிமெண்ட், எம்-சாண்ட், எஸ்டேட்டுகளுக்கு உரம் என்று மேலே ஏற்றிப்போகும். இறங்கும்போது காபிக் கொட்டை, மிளகு, சில நாள் சில்வர் ஓக் மரம். மலை வேலை இல்லாத மாதங்களில் தொப்பூர் கணவாய் வழியாக ஓசூர், பெங்களூரு.

புகார் மூன்று. லோடு ஏற்றி ஏற்காடு ஏறினால் பாதி மலையிலேயே இழுவை செத்துவிடுகிறது. சூட்டில் வண்டியை நிறுத்தி அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல எடுக்கிறது. மூன்றாவது புகை. காலையில் ஐடிலிங்கில் வெள்ளையாகவும் கண்ணெரியும் நாற்றத்தோடும், ஏற்றத்தில் கன்னங்கரேலென்றும்.

ஓனர் ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்திருந்தார். "டர்போதாங்க போயிருக்கும். மாத்தி விட்டுருங்க, வண்டியை நாளைக்கு லோடுக்கு விடணும்." இதற்கு முன் ஒரு பட்டறையில் டீசல் அளவை மாற்றாதபடி பம்பில் வைத்திருக்கும் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் நன்றாக இழுத்ததாம், அப்புறம் முன்பைவிட மோசம். "கூட்டினதும் இழுத்தது, அப்புறம் போச்சு" என்பது எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி கேட்கும் கதை. அதில்தான் பாதி விஷயம் ஒளிந்திருக்கும்.

மலை என்ன செய்கிறது

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி. முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் 1200 மீட்டர் ஏற வேண்டும், அதுவும் அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகளில். வளைவுக்கு வளைவு வேகம் செத்து, கியர் இறக்கி, மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டும். இதற்கிடையில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

டீசல் எஞ்சின் எப்போதும் கிடைக்கிற காற்றை முழுக்க இழுத்துக்கொள்ளும். எவ்வளவு சக்தி என்பதைத் தீர்மானிப்பது பம்ப் அனுப்பும் டீசலின் அளவுதான். கீழே எரிந்த அதே அளவு டீசலுக்கு மேலே காற்று போதவில்லை என்றால் மிச்சம் கரும்புகையாகப் போகும். டர்போ உள்ள வண்டியில் இந்தக் குறை பெருமளவு சரிக்கட்டப்படும். ஆகவே டர்போ மேல் ஓனருக்கு வந்த சந்தேகம் தவறில்லை. ஆனால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கும் டர்போவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செல்ஃப் அடிக்கும் வேகத்தில் டர்போ எங்கே வேலை செய்கிறது?

டிரைவர் சொன்ன ஒரு வார்த்தை

ஓனர் போன பிறகு டிரைவர் மெதுவாகச் சொன்னார். "மேல நின்னுட்டா, ஒரு சாக்கை நனைச்சு பம்ப் மேல போட்டுருவேங்ணா. ஒரு டீ குடிச்சிட்டு வந்து செல்ஃப் அடிச்சா எடுத்துரும்."

இதைக் கேட்டதும் என் கண் டர்போவை விட்டுப் பம்புக்குப் போய்விட்டது. காரணம் இதுதான். பம்புக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பேரல், அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிளஞ்சர்; இந்த ஜோடிதான் எலமெண்ட். இரண்டுக்கும் இடையில் ரப்பர் சீல் எதுவும் கிடையாது. வெறும் சில மைக்ரான் இடைவெளிதான் சீல். தலைமுடி எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இது அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால் அழுத்தும் டீசல், சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலுக்குப் போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். டீசல் சூடானால் நீர்த்துப்போகும், இன்னும் சுலபமாக வழியும். எஞ்சின் ஓடும்போது பிளஞ்சர் வேகமாக அடிப்பதால் வழிய நேரம் இருக்காது. செல்ஃப் அடிக்கும்போது மெதுவாக ஏறுவதால் நாசில் திறக்கும் அழுத்தம் வருவதற்குள் பாதி வழிந்துவிடும். ஈரச் சாக்கு பம்பைக் குளிர வைத்தது, உள்ளே இருந்த டீசல் கொஞ்சம் கெட்டியானது, வண்டி எடுத்தது. டிரைவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மருந்து மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

இருந்தாலும் சாக்கை நம்பி பம்பைக் கழற்றிவிட முடியாது. சூட்டில் எடுக்காததற்குச் செல்ஃப் மோட்டார் சோர்வு, கம்ப்ரஷன் குறைவு, டீசல் லைனில் ஏர் பிடிப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. பம்ப் வேலை செலவு பிடித்த வேலை. மற்றதையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

முதலில் வால்வு கேப், அதாவது வால்வு இடைவெளி. இந்த எஞ்சினுக்கு ஆறிய நிலையில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. இரண்டு எக்ஸாஸ்ட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன, சரி செய்தாயிற்று. கம்ப்ரஷன் ஆறிலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் நின்றது. எஞ்சின் உள்பாகம் பிழைத்துவிட்டது என்று ஓனரிடம் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

டர்போவின் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். மேல் கீழ் ஆட்டம் அளவுக்குள்தான். இன்டேக் பக்க ரப்பர் ஹோஸ் ஒன்றில் கிளாம்ப் தளர்ந்து, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு படிந்திருந்தது. காற்று அங்கே தப்பிக்கொண்டிருந்தது. டர்போவின் குற்றம் அவ்வளவுதான்.

அடுத்து ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் உடனே தடுமாறும். இதில் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. எஞ்சின் அவை இரண்டையும் ஏற்கெனவே கணக்கில் சேர்க்காமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பட்டறைப் பையன்களுக்கு நான் சலிக்காமல் சொல்வது ஒன்று: ஓடும் எஞ்சினில் கசிவைத் தேட விரலை வைக்காதே, அட்டையைப் பிடி. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டேங்க்

இந்த வண்டியில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது பம்ப் அல்ல, டேங்க்தான்.

பம்புக்குப் போகும் டீசல் குழாயில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் ஹோஸைப் போட்டு ஓடவிட்டபோது சிறுசிறு குமிழி ஓடியது. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு ஒரு கேனில் சுத்தமான டீசலை உயரத்தில் தொங்கவிட்டு ஓட்டியதும் குமிழி நின்றது. இழுவையும் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத குறை அப்படியேதான் இருந்தது. ஆக நோய் இரண்டு இடத்தில்: டேங்கிலிருந்து வரும் வழியில் ஒன்று, பம்புக்குள் ஒன்று. முதலாவது இரண்டாவதைப் பெற்றதா என்பதுதான் கேள்வி.

ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர். அதற்கும் டீசலுக்கும் நடுவில் கருப்பாக, மூக்குச்சளி மாதிரி இழுபடும் ஒரு படலம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை அது. டேங்கை இறக்கித் திறந்தால் அடி முழுக்க அதே சேறு, கூடவே துரு. உறிஞ்சும் குழாயின் நுனி வலையில் பாதி அடைத்திருந்தது. குமிழிக்குக் காரணம் அந்த அடைப்பும், டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஹோஸில் இருந்த வெடிப்பும். உறிஞ்ச வழியில்லாதபோது, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வெடிப்பு வழியாகக் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, அதனால் யார் கண்ணிலும் படாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பங்க்கைத் திட்டுவது சுலபம். டிரைவரிடம் நிதானமாகக் கேட்டபோது, மேலே ஓர் எஸ்டேட்டில் லோடு இறக்கும்போது அங்கே இருக்கும் டீசல் டிரம் பேரலிலிருந்து டீசல் பிடித்துக்கொள்வது வழக்கம் என்றார். வாடகையில் கழித்துக்கொள்வார்களாம். பேரல் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஷெட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், நட்ட நிலையில்.

விஷயம் விளங்கிவிட்டது. நட்டு வைத்த பேரலின் மேல்மூடி விளிம்புக்குள் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் பேரல் சூடேறி உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி வழியாக வெளியேறும். சாயங்காலம் மலையில் மழையும் பனியும் இறங்கி பேரல் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, தேங்கிய தண்ணீரை மூடி மரை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். தினமும் கொஞ்சம், ஒரு மழைக்காலம் முழுக்க. டீசல் பேரலை வெளியில் வைத்தே தீர வேண்டும் என்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் மூன்று, ஒன்பது இருக்கும் இடங்களில் வருவதுபோலத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது மூடியின் உள்பக்கம் டீசல் நிற்கும், வெளியில் தண்ணீர் தேங்காது.

இந்த இடத்தில் ஒரு பேச்சு வழக்கமாக வரும்: "இப்ப வர்ற பி.எஸ்.-6 டீசல்தான் பம்பைத் தின்னுது." புகைக் கட்டுப்பாட்டுக்காக 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த இந்த டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு; அதற்கு முன் 50, அதற்கும் முன் 350. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழவழப்பும் குறைந்துபோகும் என்பது உண்மை. அதனால்தான் வழவழப்புக்கென்று மருந்து சேர்த்து, அதற்கான தேய்மானச் சோதனையில் தேறிய டீசலைத்தான் விற்க வேண்டும் என்று தரவிதி இருக்கிறது. டேங்கில் டூ-டி ஆயில் ஊற்றும் டிரைவர்களை நான் தடுப்பதில்லை, ஊற்றச் சொல்வதும் இல்லை. நான் திறந்து பார்த்த பம்புகளில் தண்ணீர் குடித்துச் செத்தவைதான் அதிகம். மண்ணெண்ணெய் கலந்த டீசலும் வழவழப்பைக் கெடுக்கும். ஆனால் தண்ணீர் அளவுக்கு வேகமாகக் கொல்லாது.

பம்ப் ரூமில்

நான் பம்பைப் பிரிப்பதில்லை. தூசி பறக்கும் பட்டறையில் மைக்ரான் வேலை செய்யக்கூடாது. கழற்றி, எல்லா வாயையும் அடைத்து, டீசல் பம்ப் மட்டுமே பார்க்கும் நம்பிக்கையான ஒரு பம்ப் ரூமுக்குக் கொண்டுபோனேன். பிரிப்பதற்கு முன் அப்படியே டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். செத்த பம்பை எதற்கு ஓட்டிப் பார்ப்பது என்று பலர் இதைத் தவிர்ப்பார்கள். எனக்கு அது முக்கியம். என்ன குறையோடு வந்தது என்று தெரியாமல் எதைச் சரி செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

பெஞ்சில் மோட்டார் பம்பைச் சுழற்றும். டீசலுக்குப் பதில் 40 டிகிரி சூட்டில் டெஸ்ட் ஆயில் ஓடும். ஆறு பைப்பிலிருந்தும் வருவது ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும். ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சி.சி. என்று பார்ப்பார்கள். முழு வேகத்தில் ஆறும் ஓரளவு நெருங்கித்தான் நின்றன. இரண்டும் ஐந்தும் மட்டும் கொஞ்சம் கீழே. வேகத்தை ஐடிலுக்குக் குறைத்ததும் அந்த இரண்டு குழாய்களிலும் அடி மட்டும் நனைந்தது. மற்ற நான்கும் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் நின்றன.

இரண்டு நிறப் புகைக்கும் விடை அந்த ஆறு குழாய்களில் இருந்தது. இரண்டு எலமெண்ட் தேய்ந்து டீசல் குறைந்தது, இழுவை குறைந்தது. முந்தைய பட்டறைக்காரர் மொத்த அளவைக் கூட்டினார். அந்த ஸ்க்ரூ ஆறு எலமெண்டுக்கும் பொது. நோயாளிக்கு மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. ஆகவே நல்ல நான்கும் தேவைக்கு மேல் டீசல் குடித்து ஏற்றத்தில் கரும்புகை விட்டன. தேய்ந்த இரண்டும் ஐடிலிங்கில் அரைகுறையாகத் தெளித்து எரியாத டீசலை வெள்ளைப் புகையாக விட்டன. ஒரு வாரம் இழுத்ததும் பொய்யில்லை, நான்கு பேர் ஆறு பேர் வேலையைச் செய்தார்கள்.

பிரித்ததும் பிளஞ்சர்களை வரிசையாகத் துணியில் வைத்தார் பம்ப் ரூம்காரர். நல்ல பிளஞ்சர் கண்ணாடி மாதிரி முகம் காட்டும். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் மேல் முனையிலிருந்து சாய்வெட்டு வரை, பேரலில் டீசல் நுழையும் துளைக்கு எதிரே வரும் இடத்தில் மட்டும், ஒரு விரல்நக அகலத்துக்கு மங்கிய பட்டை. நகத்தால் தடவினால் சொரசொரவென்று தெரிந்தது. ஐந்தாவதில் பழுப்பு நிறத் துருப்புள்ளிகள். மற்ற நான்கிலும் அதே பட்டை தொடங்கியிருந்தது, ஆனால் லேசாக. எலமெண்டிலிருந்து டீசல் பைப்புக்குப் போகும் வாயில் இருக்கும் டெலிவரி வால்வு சீட்டுகளில் குழி.

அதோடு முடிந்திருந்தால் ஆறு எலமெண்ட், ஆறு டெலிவரி வால்வு மாற்றி ஓட்டியிருக்கலாம். பிரச்சினை அடியில் இருந்தது. வரிசைப் பம்பில் பிளஞ்சர்களை மேலே தள்ளும் கேம் ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில் குளிக்கிறது. மேலே தேய்ந்த எலமெண்டில் வழிந்த டீசல் கீழே இறங்கி அந்த ஆயிலில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. எஞ்சினின் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தபோதே டீசல் நாற்றம் வந்தது. ஆயில் மட்டமும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் குறையாத வண்டி என்று டிரைவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்! நீர்த்த ஆயிலில் ஓடி கேம் முகங்களில் பொரிந்திருந்தது, ரோலர் டாப்பெட் இரண்டில் ஆட்டம். இத்தனையும் மாற்றுவது முழுப் பம்ப் விலையில் பாதியைத் தாண்டும். மாற்றினாலும் உடம்பு பழைய உடம்புதான். பம்பையே மாற்றுவது என்று முடிவானது.

ஓனர் நாமக்கல் பக்கம் பழைய சாமான் கடையில் "இதே பம்ப்" ஒன்று மலிவாக இருப்பதாகப் போட்டோ காட்டினார். பார்வைக்கு அச்சு அசல். ஆனால் உடம்பில் அடித்திருக்கும் தகட்டு நம்பர் வேறு. ஒரே உடம்புக்குள் கேமின் ஏற்றம், எலமெண்டின் விட்டம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த வேகத்தில் டீசலை அறுக்கும் என்பதெல்லாம் மாறும். ஜெனரேட்டருக்கு வந்த பம்பை லாரியில் மாட்டினாலும் வண்டி ஓடும். ஏற்றத்தில்தான் அதன் குணம் தெரியும். தகட்டு நம்பர் ஒத்த பம்பாக வாங்கி, அதையும் பெஞ்சில் ஏற்றி ஆறு குழாயும் சமமாக வருவதைப் பார்த்து, சீல் வைத்த பிறகுதான் எடுத்து வந்தோம். நாசில் ஆறையும் கூடவே மாற்றினோம். புதுப் பம்புக்குப் பழைய நாசிலைக் கட்டுவது வீண் வேலை. ஸ்பிரிங் சோர்ந்த நாசில் சீக்கிரமே திறக்கும், தெளிக்காமல் ஒழுகும், பம்ப் சமமாக அனுப்பியதையெல்லாம் கலைத்துவிடும்.

மாட்டியது

முன்பக்க கியர் கவரில் ஆயில் கசிவு இருந்ததால் அதையும் கழற்ற வேண்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று. இந்த எஞ்சின் சேர்ந்த பழைய பி சீரிஸ் வகையில் பேர்போன குறை ஒன்று உண்டு. கியர் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் சிறு இரும்பு முளை அதிர்வில் மெல்ல நகர்ந்து வெளியே வந்து, ஓடும் கியர்களுக்கு நடுவில் விழும். விழுந்தால் ஹவுசிங் உடையும், மற்றதைச் சொல்ல வேண்டாம். இந்த வண்டியில் முளை தன் இடத்தில்தான் இருந்தது. நகர முடியாதபடி அதன் வாயை மறித்து ஒரு தகடு போட்டு போல்ட்டை இறுக்கினோம். சிக்ஸ் பி.டி.-யின் முன் கவரைத் திறக்கிற யாரும் இதைப் பார்க்காமல் மூடக்கூடாது.

முதல் சிலிண்டரை டி.டி.சி.யில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையில், நிறுத்துவது, பம்பை அதன் பூட்டு நிலையில் வைத்து உள்ளே விடுவது, ஷாஃப்டின் சாய்வு முகத்தையும் கியரின் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து இறுக்குவது எல்லாம் மேனுவலில் உள்ளபடிதான். அந்தச் சாய்வு முகத்தில் எண்ணெய் இருந்தால் லோடில் கியர் நழுவி டைமிங் போய்விடும். இறுக்கிய பிறகு டைமிங்கை மறுபடியும் சரிபார்த்தோம். பம்பின் வயிற்றில் எஞ்சின் ஆயில் ஊற்ற மறக்கக்கூடாது. புதுப் பம்ப் காய்ந்து வரும். எஞ்சினிலிருந்து ஆயில் வந்து சேர்வதற்குள் கேம் உலர ஓடிவிடும். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிது, டீசல் கலந்த பழையதைத் திரும்ப ஊற்றவில்லை.

ஹேண்ட் பிரைமரை அடித்து ஏர் எடுத்து, பைப் நட்டுகளைத் தளர்த்தி வைத்து செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றிலும் குமிழியில்லாத டீசல் வந்ததும் இறுக்கியபோது வண்டி எடுத்தது. ஐடிலிங் சத்தம் கேட்டதும் பக்கத்துக் கடை வெல்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க"

ஓனர் கேட்ட அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். இவ்வளவு செலவு பண்ணியாச்சு, சீலைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு சேர்த்து விட்டால் மலை இன்னும் ஜோராக ஏறாதா?

ஏறும். இந்த எஞ்சின் அதைத் தாங்கும் உடம்புதான். உலகம் முழுக்க இதைவிட அதிகம் எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் டீசலோடு காற்றையும் குளிர்ச்சியையும் கூட்டுகிறார்கள். காற்று அப்படியே இருக்க டீசலை மட்டும் கூட்டினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். இரண்டாவது கியரில், காற்றோட்டம் இல்லாத கொண்டை ஊசி வளைவில், பதினாறு டன்னோடு நின்று இழுக்கும் எஞ்சினுக்கு அந்தச் சூடு பிஸ்டன் தலையில் போய் உட்காரும். மேலும் சட்டம் இருக்கிறது. பி.எஸ்.-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் எல்லை, புகையின் அடர்த்தியை அளக்கும் கணக்கில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. கூட்டி வைத்த வண்டி அதைத் தாண்டும். ஆர்.சி.யில் பதிவான விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் சொல்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) நேரத்தில் ஸ்க்ரூவைக் குறைத்துக் காட்டிவிட்டு வந்து மறுபடி கூட்டும் வழக்கத்துக்கு நான் ஆள் இல்லை.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது கூடுதல் குதிரைத்திறன் அல்ல. முதல் வளைவில் இருக்கும் இழுவை இருபதாவது வளைவிலும் இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது வேறு. கம்பெனி கொடுத்த 130 குதிரையில் எத்தனை காணாமல் போயிருந்தன என்று அவருக்குத் தெரியாது, எட்டு வருஷமாக மெல்ல மெல்லக் குறைந்ததில் பழகிவிட்டது.

ஆகவே செலவை இப்படித் திருப்பினோம். டேங்கைக் கழுவி, உள்ளே துருவை எடுத்து, அடியில் வடிகால் பிளக் புதிதாக. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில், அடிக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியும் பெரிய வாட்டர் செப்பரேட்டர் ஒன்று. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படும் இடத்தில் அதை மாட்டினேன், பின்னால் எங்கோ மாட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். டீசல் ஹோஸ் முழுக்கப் புதிது. டர்போவிலிருந்து பம்புக்கு வரும் மெல்லிய காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தது, அதையும் மாற்றினோம். அது சின்னச் சாமான், ஆனால் காற்றழுத்தம் ஏறிவிட்டது என்று பம்பின் டயஃப்ரத்துக்குச் சொல்வது அதுதான். அந்தச் செய்தி போகாவிட்டால் பம்ப் முழு அளவு டீசலை விடவே விடாது. இழுவை இல்லை என்று டர்போவையே மாற்றி, இந்தக் குழாயை மாற்றாமல் அனுப்பிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டர், இன்டேக் கிளாம்ப்கள், ரேடியேட்டரைக் கழற்றி மண் எடுத்தது, ஃபேன் பெல்ட்.

கடைசியாக இரண்டு மீட்டர்: டர்போ காற்றழுத்தத்துக்கு ஒன்று, எக்ஸாஸ்ட் சூட்டுக்கு ஒன்று. ஓனர் இதை வீண் ஆடம்பரம் என்றார். டிரைவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். 700 டிகிரியை நெருங்கினால் காலை எடுத்துக் கியர் இறக்கு என்று மட்டும் அவருக்குச் சொல்லிவைத்தேன்.

சோதனை ஓட்டம்

லோடோடு அடிவாரம் தாண்டும்போது பம்பின் டீசல் அறையில் தற்காலிகமாக ஒரு அழுத்த மீட்டரையும் கட்டியிருந்தேன். பம்ப் நல்லதாக இருந்தும் அதற்குள் டீசல் போதுமான அழுத்தத்தில் நிரம்பாவிட்டால் எலமெண்ட் பாதி வயிற்றோடு அடிக்கும். முதல் சில வளைவுகளில் இழுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் முள் மெல்ல இறங்கியது. டேங்க் கழுவியது, ஹோஸ் புதிது, ஃபில்டர் புதிது. ஃபீட் பம்பில் குறையில்லை என்று ஏற்கெனவே பார்த்திருந்தோம். மிச்சம் இருந்தது ரிட்டர்ன் பக்கம்.

பம்பிலிருந்து மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் இடத்தில் ஒரு ஓவர்ஃப்ளோ வால்வு உண்டு. பார்த்தால் வெறும் போல்ட். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் குண்டும். அதுதான் அறையில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பம்போடு வந்த வால்வின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தது. ஒரு ஓரமாக நிறுத்தி, எடுத்துப்போயிருந்த புதிய வால்வைப் போட்டதும் முள் ஏறி நின்றது. மீட்டர் கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் கழித்து "புதுப் பம்பும் சரியில்லை" என்று வண்டி திரும்பியிருக்கும்.

அதன்பின் மேலே போய்ச் சேரும்வரை சொல்ல ஒன்றுமில்லை. சூடு எல்லைக்குக் கீழே நின்றது. வளைவை முடித்து நிமிர்த்தும்போது லேசான சாம்பல் புகை, அழுத்தம் ஏறியதும் அதுவும் இல்லை. மேலே எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு தணிவதற்குள் செல்ஃப் அடித்தோம். உடனே எடுத்தது. சாக்கு டூல் பாக்ஸில் இன்னும் இருந்தது, அதை எண்ணெய் துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இறங்கும்போது டிரைவரின் கை தன்னால் நியூட்ரலுக்குப் போனது. தொப்பூரில் பழகிய பழக்கம், டீசல் மிச்சமாம். இந்தப் பம்பின் கவர்னர் எப்படி வேலை செய்கிறது என்று அங்கேயே சொன்னேன். கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் ஐடிலுக்கு மேல் சுற்றுகிறவரை பம்ப் டீசலை அடியோடு அறுத்துவிடும். ஒரு சொட்டும் போகாது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடில் டீசல் செலவாகும். ஆக மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள், கூடவே எஞ்சின் பிரேக்கையும் இழக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் எத்தனை லாரி போயிருக்கிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மைலேஜ் கூடியிருப்பதாக ஓனர் போனில் சொன்னார். எவ்வளவு என்பதை நான் எழுதப்போவதில்லை. லோடும் வழியும் மாறும்போது டிரைவர் கணக்கு மைலேஜுக்கு அர்த்தம் கிடையாது. நான் பார்த்தது ஆயில் டிப் ஸ்டிக்கை. அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது மட்டம் கோட்டில் நின்றது, டீசல் வாடை இல்லை. செப்பரேட்டர் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தது. வாரம் ஒருமுறை வடிக்கிறார்களாம். எஸ்டேட் பேரல் இப்போது ஷெட்டுக்குள் படுத்திருக்கிறது. அதே ஓனரின் இன்னொரு வண்டியும் அங்கேதான் டீசல் பிடித்துக்கொண்டிருந்தது என்பதால் அதன் டேங்கையும் இறக்கச் சொல்லியிருக்கிறேன். லோடு குறைந்த வாரத்தில் கொண்டுவருவதாகப் பேச்சு.